இஞ்சிக்கு நேரம் ஏழு முப்பத்தைந்து

"எப்பவுமே இவ்வளவு மெதுவாத்தான் சாப்பிடுவீங்களா?"

"ஏன், உங்களுக்கு அவசரமா?"

"அவசரமெல்லாம் இல்ல. எங்க டிப்போல டிரைவருக்குச் சாப்பாட்டு நேரம் முப்பது நிமிஷம். அதுல ஒரு நிமிஷம் குறைஞ்சாலும் வண்டிய எடுக்க விடமாட்டேன். நீங்க உக்காந்து முப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு."

"அப்போ என் வண்டி அஞ்சு நிமிஷம் லேட்டு."

"இருக்கட்டும். அந்த அஞ்சு நிமிஷமும் நான் இங்கதானே உக்காந்திருக்கேன்."

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால், எங்கள் கடைக்கு எதிரே இருந்த சிற்றுண்டிச் சாலையின் ஜன்னலோர மேசையில் நடந்த பேச்சு இது. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டி ஃபிரேமில் பொருத்துபவள். அவர் பஸ் டிப்போவில் வண்டிகளுக்கும் ஆட்களுக்கும் நேர அட்டவணை போடுபவர். பவர் மாற்ற வந்தவர், ஃபிரேம் காதில் நிற்கவில்லை என்று மூன்று முறை திரும்பி வந்தார். மூன்று முறையும் ஃபிரேம் நன்றாகத்தான் இருந்தது. நான்காவது முறை வந்தபோது, "கண்ணாடிய விடுங்க, சாப்பிட்டீங்களா?" என்று நானே கேட்டுவிட்டேன்.

அந்த முப்பத்தைந்து நிமிடத்தை நம்பித்தான் கல்யாணத்துக்குத் தலையாட்டினேன். என்னைச் சாப்பிட விட்டு, எதிரே உட்கார்ந்து, ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்த ஒரே ஆள் அவர்.

இப்போது எனக்குச் சாப்பாடு செரிப்பதில்லை.

எட்டு மாதமாக இப்படித்தான். நாலு வாய் உள்ளே போனால் போதும், மேல்வயிறு இறுகிக்கொள்ளும். மத்தியானம் சாப்பிட்டது சாயங்காலம் வரை அங்கேயே கால் நீட்டிப் படுத்திருக்கும். ஏப்பம் ஆள் பார்த்து வருவதில்லை. ஒருநாள் ஒரு வாடிக்கையாளரின் மூக்கில் கண்ணாடியை மாட்டி, அது நேராக இருக்கிறதா என்று ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதே வந்துவிட்டது. அந்த மனிதர் பாவம், "தெளிவா தெரியுதுங்க" என்று சொல்லிவிட்டு ஓடிப்போனார்.

டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். ரத்தம் எடுத்தார். புண் இல்லை, கட்டி இல்லை, கிருமி இல்லை, பயப்பட ஒன்றுமே இல்லை என்றார். ஒன்றுமே இல்லை என்பதைக் கேட்டால் எவ்வளவு எரிச்சல் வரும் என்பது எட்டு மாதம் ஏப்பம் விட்டவர்களுக்குத்தான் தெரியும்.

"உங்க வயித்துக்கு நிதானம் வேணும்மா," என்றார் அவர். "கொஞ்சமா சாப்பிடுங்க, உக்காந்து சாப்பிடுங்க, மென்னு சாப்பிடுங்க. சாப்பிட்ட உடனே குனிஞ்சு வேலை செய்யாதீங்க. வேணும்னா இஞ்சி கேப்சூல் கொஞ்ச நாள் எடுத்துப் பாருங்க. சிலருக்குக் கேக்குது, சிலருக்குக் கேக்கறதில்ல."

என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் குறிப்பு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அதில் ஒன்றே ஒன்றுதான் உயிரோடு இருந்தது. மற்றதெல்லாம் நேரம் குறிக்க முடியாத சமாச்சாரம். கேப்சூலுக்கு மட்டும் மணி போடலாம்.

எங்கள் வீட்டு அட்டவணையைப் பற்றிச் சொல்லாவிட்டால் இது யாருக்கும் புரியாது.

எங்கள் சமையலறையில் சுவரோடு மடக்கும் மேசை ஒன்றும் இரண்டு நாற்காலிகளும்தான் கொள்ளும். மூன்று வருடங்களுக்கு முன்னால் மாமனார் இடுப்பெலும்பு முறிந்து, நான்கு கால் ஊன்றுகோலோடு எங்களிடம் வந்து சேர்ந்தார். அவர் உட்கார்ந்தால் ஊன்றுகோல் பக்கத்தில் நிற்க வேண்டும். அது நின்றால் இன்னொருவர் அடுப்பு வரை போக முடியாது. எங்கள் ஒன்பது வயது மகள், பெயருக்குப் பதிலாக எல்லோரும் 'வாலு' என்று கூப்பிடுகிறவள், தாத்தாவின் தட்டிலிருந்து திருடாமல் சாப்பிடமாட்டாள். தினமும் ஒரே ரகளை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கணவர் உட்கார்ந்து, டிப்போவுக்குப் போடுவது போலவே வீட்டுக்கும் ஒரு தாள் போட்டார்.

காலையில் தாத்தா ஏழு மணி, வாலு ஏழு இருபது, அப்பா ஏழு நாற்பது. சாயங்காலம் வாலு ஆறே முக்கால், தாத்தா ஏழு ஐந்து, அப்பா ஏழு நாற்பது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிறம்.

"உன்ன எங்க போடட்டும்?" என்று கேட்டார்.

"என்ன விடுங்க, நான் எங்கயாவது பாத்துக்கறேன்," என்றேன்.

அதனால் தாளின் அடியில், பென்சிலில், 'ஸ்பேர் – அம்மா' என்று எழுதினார். டிப்போவில் ஸ்பேர் என்றால் எந்தத் தடத்திலும் சேராமல் நிற்கிற ஆளும் வண்டியும். எங்கே ஆள் குறைகிறதோ அங்கே போக வேண்டும். அந்தத் தாளை ஃபிரிட்ஜில் ஒட்டியபோது கைதட்டியவளும் நான்தான். உண்மையிலேயே வீடு அடங்கியது.

ஆனால் ஸ்பேர் வண்டி நிற்கவே இல்லை. ஒருவருக்குப் பரிமாறி, இன்னொருவருக்குத் தட்டு கழுவி, நடுவில் வாலுவின் வீட்டுப்பாடத்தில் விழுந்து எழுந்து, கணவர் ஏழு நாற்பதுக்கு உட்காரும்போது ரொட்டியைச் சுடச்சுடப் போட்டுவிட்டு, அடுப்புத் திண்டில் சாய்ந்தபடி நான் ரெண்டு வாய் விழுங்குவேன். அவருக்கு எதிரே இருக்கும் நாற்காலியில் மறுநாளைக்கான டிப்போ தாள்கள் உட்கார்ந்திருக்கும். அவர் ஒரு கையால் சாப்பிட்டு ஒரு கையால் பேனா பிடிப்பார். பதினைந்து நிமிடம். எழுந்துவிடுவார்.

அவரிடம் நான் கேட்க நினைத்தது சின்ன விஷயம்தான். அந்தத் தாள்களை எடுத்துவிட்டு, பழையபடி என் எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவ்வளவுதான். சின்ன விஷயம் என்பதாலேயே கேட்க முடியவில்லை. பெரிய சண்டை என்றால் போட்டிருப்பேன். 'என்கூட உக்காந்து சாப்பிடுங்க' என்று ஒரு பெண்பிள்ளைக்குத் தாய் போய் எப்படிக் கேட்பது? அவராகவே கவனிப்பார் என்று ஒரு வருடம் காத்திருந்தேன். டாக்டரிடமிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, வாயைத் திறந்தும்விட்டேன்.

"என்னங்க, ஒண்ணு கேக்கணும்."

"கேளு," என்றவர், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இந்த வண்டி மூணு நிமிஷம் லேட்டு. ஒரு நிமிஷம் இரு." டிரைவரிடம் போய் நின்றுகொண்டார். எங்கள் நிறுத்தம் வரும்வரை திரும்பவில்லை.

மறுநாள் அட்டவணையில் சிவப்பு மையில் புதிதாக ஒரு வரி முளைத்தது. 'இஞ்சி – 7.05, 7.30.' காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. கேப்சூல் புட்டியை அவரே வாங்கி வந்திருந்தார். சாயங்காலம் ஏழரைக்கு டிப்போவில் இருந்தால்கூட ஃபோன் வரும்.

"போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"தண்ணி?"

"குடிச்சாச்சு."

"குட்."

சும்மா சொல்லக்கூடாது, முதல் இரண்டு வாரம் கொஞ்சம் கேட்டது. ஏப்பம் குறைந்தது. வயிற்றின் இறுக்கம் ஒரு பிடி தளர்ந்தது. அதை நான் வாய்விட்டுச் சொன்னதுதான் தப்பு.

மாமனார் காதில் விழுந்தது. "கேப்சூல்ல என்ன இருக்கப்போகுது, வெறும் தூள். நான் தர்றதக் குடிம்மா," என்று காலையிலும் மாலையிலும் டீயில் ஒரு விரல் நீள இஞ்சியைத் தட்டிப் போட ஆரம்பித்தார். இடுப்பு முறிந்ததிலிருந்து அவருக்கு அந்த வீட்டில் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. ஊன்றுகோலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் அவர் அந்த இஞ்சியை நசுக்குவதைப் பார்த்தபின் எப்படி வேண்டாம் என்பது?

வாலு தன் பங்குக்கு, சர்க்கரையில் ஊறிய இஞ்சித் துண்டுகளை என் மதிய டப்பாவில் ஒளித்து வைத்தாள். 'அம்மா பஸ்ஸுக்கு டீசல்' என்று ஒரு சீட்டும் இருந்தது. கடையில் கண் பரிசோதனை செய்கிற அண்ணன், மேசை இழுப்பறையில் இஞ்சி மிட்டாய் வாங்கி நிரப்பினார்.

"எடுத்துக்கம்மா. நேத்து ஒரு அம்மாவுக்குக் கண்ணு டெஸ்ட் பண்றேன், நீ பின்னாடி ஏப்பம் விடற. அவங்க கடைசி வரி எழுத்தப் படிக்கறத விட்டுட்டு, 'உள்ள யாரு சார்'னு கேக்கறாங்க."

"கிண்டல் பண்ணுங்கண்ணே. உங்களுக்கு வந்தா தெரியும்."

"எனக்கு ஏன் வரப்போகுது? நான் ஒரு மணிக்குக் கதவச் சாத்திட்டு அரை மணி நேரம் சாப்பிடறேன். நீ மிஷினுக்கு முன்னாடியே டப்பாவத் திறக்கற, ஏழு நிமிஷத்துல மூடற, உடனே குனியற."

"சாயங்காலம் நாலு கண்ணாடி குடுக்கணும்ல?"

"கண்ணாடி வாங்க வந்தவன் எங்க ஓடிடப்போறான்? அஞ்சு நிமிஷம் பொறுப்பான்."

நாலாவது வாரம் நெஞ்சு பற்றிக்கொண்டது. முன்பு வெறும் இறுக்கம். இப்போது தொண்டை வரை தீ. லென்ஸ் வெட்டக் குனிந்தால் அமிலம் வாய்க்கு வந்தது. இரண்டு லென்ஸை அளவு தப்பி வெட்டிவிட்டேன். பன்னிரண்டு வருடத்தில் நான் செய்யாத காரியம். 

அன்று சாயங்காலம் கேப்சூல் தீர்ந்ததால், இன்னொரு புட்டி வாங்க மருந்துக்கடைக்குப் போனேன். கல்லாவுக்குப் பின்னால் இருந்த பெண், என்னை ஒத்த வயது, புட்டியைக் கையில் கொடுக்காமல் என் முகத்தைப் பார்த்தாள். நான் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"எரியுதா?"

"ஆமா. அதுக்குத்தான இது."

"ஒரு நாளைக்கு எவ்வளவு எடுக்கறீங்க?"

"ரெண்டுதான்."

"வேற எதுலயாவது இஞ்சி சேருதா?"

ஒவ்வொன்றாகச் சொன்னேன். மாமனாரின் டீ. இரண்டு வேளை. மகளின் சர்க்கரைத் துண்டு. அண்ணனின் மிட்டாய், அது எத்தனை என்று நான் பார்த்ததே இல்லை. சொல்லச் சொல்ல அவள் புருவம் ஏறிக்கொண்டே போனது.

"அக்கா, நீங்க இஞ்சி எடுத்துக்கல. இஞ்சி உங்கள எடுத்துக்கிச்சு," என்றாள். "அளவோட இருந்தா வயிறு சீக்கிரம் காலியாக உதவும். அளவு தாண்டினா அதுவே நெஞ்சு எரிச்சல் குடுக்கும். டீ, மிட்டாய் எல்லாத்தையும் நிறுத்துங்க. கேப்சூலும் ஒரு வாரம் வேண்டாம். எரிச்சல் போகலன்னா டாக்டரப் பாருங்க. அப்புறம், இத சாப்பாட்டோட எடுக்கறீங்களா, வெறும் வயித்துலயா?"

"ஏழரைக்கு எடுக்கறேன்."

"சரி, சாப்பிடறது எத்தன மணிக்கு?"

எனக்குப் பதில் தெரியவில்லை.

மறந்துபோன பதில் இல்லை அது. யோசித்தேன். முந்தின நாள் எப்போது சாப்பிட்டேன்? வாலுவின் கணக்கு நோட்டைத் திருத்தும்போது ஒரு வாய். பாத்திரம் கழுவப் போகும் வழியில் ஒரு வாய். மாமனார் மீதி வைத்த சூப்பை, கொட்ட மனசில்லாமல் நின்றபடி. அதற்கு மணி எது? என் பின்னால் வரிசையில் இருந்தவர் தொண்டையைக் கனைத்தார். நான் புட்டியை வாங்காமலேயே வெளியே வந்தேன்.

தெரு முழுக்க வேலை விட்டு வருகிறவர்கள். பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. ஒவ்வொன்றும் என் கணவர் போட்ட நேரத்தில் வந்தது. அந்த டிரைவர்கள் எல்லோருக்கும் எப்போது சாப்பாடு என்று அவருக்கு மனப்பாடம்.

வீட்டில் அவர் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். முகத்தில் வெற்றிக்களை. அடுப்பைப் பற்றவைத்த என் முதுகுக்குப் பின்னால் நின்று கதை சொன்னார்.

"இன்னிக்கு புது மேனேஜரோட ஒரே சண்டை. பதினாலாம் நம்பர் தடத்துல சாப்பாட்டு நேரத்த இருபது நிமிஷமா குறைக்கணுமாம். நான் கையெழுத்துப் போடமாட்டேன்னுட்டேன். 'மனுஷன் சாப்பாட்ட விழுங்கக் கூடாது சார், சாப்பிடணும். வயிறு கெட்டா ஸ்டியரிங் கெடும்'னு சொன்னேன். எல்லா டிரைவரும் கேட்டுக்கிட்டு நிக்கறாங்க. அந்தாளு வாயடைச்சுப் போயிட்டான்."

"நல்லது," என்றேன்.

"என்ன, நல்லதுன்னு இழுக்கற? சரி, அத விடு. உன் விஷயத்துலயும் ஒரு தப்பு கண்டுபிடிச்சேன். காலி புட்டியத் தூக்கிப்போடறதுக்கு முன்னாடி படிச்சேன். சாப்பாட்டோட சேத்து எடுக்கணும்னு போட்டிருக்கு. நாம ஏழரைக்கு எடுத்துக்கிட்டிருந்தோம். அதான் எரியுது. மாத்திட்டேன் பாரு."

திரும்பிப் பார்த்தேன். அட்டவணையில் 7.30 அடிக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் சிவப்பில் அழுத்தமாக 7.35.

"அது ஏன் ஏழு முப்பத்தஞ்சு?"

"தண்ணியோட முழுங்க அஞ்சு நிமிஷம். சாப்பாடு ஏழு நாப்பதுக்கு இல்லையா?"

"யாரோட சாப்பாடு?"

"என்ன கேள்வி இது, நம்ம..." என்று தொடங்கியவர் தாளைப் பார்த்தார். ஏழு நாற்பதுக்கு நேரே நீல மையில் 'அப்பா' என்று இருந்தது.

கூடத்தில் மாமனாரும் வாலுவும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாலு எதற்கோ சிரித்தாள். என் கணவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளோடு முகத்தை ஒட்டினார். டிப்போவில் தப்பு தேடும்போது அப்படித்தான் செய்வார். பச்சை, நீலம், ஊதா என்று விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி, சிவப்பைத் தாண்டி, அடியில் பென்சில் எழுத்தில் நின்றது.

"இஞ்சிக்கு ஒரு நேரம் இருக்கு," என்றேன். "அதத் திருத்தியும் ஆச்சு. எனக்கு எங்க இருக்குன்னு காட்டுங்க."

"நீதான ஸ்பேர்னு... நீயாதான சொன்ன, பாத்துக்கறேன்னு?"

"சொன்னேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி சொன்னேன்."

"ஸ்பேர் ஆளுக்குத் தனியா சாப்பாட்டு நேரம் போடறதில்ல. ஏன்னா, எங்க டிப்போல அவன் பாதி நாள் ரூம்ல சும்மாதான் உக்காந்திருப்பான், எப்ப வேணும்னாலும் சாப்பிட்டு..." பேசிக்கொண்டே வந்தவர் நின்றார். அடுப்பில் ரொட்டி கருகும் வாசனை வந்தது. அதை எடுத்துப் போட நான் நகரவில்லை. அவர்தான் கையை நீட்டி அடுப்பை அணைத்தார்.

"நீ எப்போதான் சாப்பிடற?" என்று கேட்டார். குரலில் டிப்போ இல்லை.

"மருந்துக்கடைப் பொண்ணும் அதான் கேட்டா. தெரியல. நீங்க கேக்கறதுக்கு எட்டு மாசம் ஆச்சு, அவளுக்கு ரெண்டு நிமிஷம் ஆச்சு."

"சொல்லியிருக்கலாம்ல?"

"பஸ்ல சொல்ல வந்தேன். வண்டி மூணு நிமிஷம் லேட்டுன்னு எந்திரிச்சுப் போயிட்டீங்க."

 அவர் காதோரம் சிவந்துபோயிருந்தது. பிறகு, அவருக்குத் தெரிந்த ஒரே வழியில், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். பென்சில் எழுத்தைக் கட்டைவிரலால் தேய்த்தார். அது போகவில்லை, சாம்பலாகப் பரவியது.

"எட்டு மணி போடட்டுமா? நான் எந்திரிச்ச உடனே, மேசை ஃப்ரீயா இருக்கும். எட்டுல இருந்து எட்டரை. முழு முப்பது நிமிஷம். யாரும் உன்னக் கூப்பிட மாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எட்டு மணிக்கு, எல்லோரும் எழுந்துபோன மேசையில், யாரும் கூப்பிடாத முப்பது நிமிடம். அதையும் வாங்கிக்கொண்டு, தேங்க்ஸ் என்று சொல்லி, இன்னொரு வருடம் ஓட்டிவிடலாம். என் வாய் அதற்குப் பழகியிருந்தது.

பேனா தாளைத் தொடுவதற்குள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்குத் தனி நேரம் வேண்டாம்."

"பின்ன?"

நெஞ்சு எரிந்தது. இஞ்சியோ வேறெதுவோ. மேசைக்குப் பக்கத்தில் அந்த இரண்டாவது நாற்காலி நின்றது, நாளைய தாள்களைக் கழுத்தளவு சுமந்துகொண்டு.

"அந்த நாற்காலில இருக்கற பேப்பர எல்லாம் எடுங்க," என்றேன். "நான் மெதுவாத்தான் சாப்பிடுவேன், முப்பத்தஞ்சு நிமிஷம் ஆகும். நீங்க எந்திரிக்கக் கூடாது. என்கூட உக்காந்து சாப்பிடுங்க."